கோவா இலை சல்லடையாகிறது, நோக்கோல் நாற்று சாய்கிறது: நஞ்சில்லாமல் என்ன செய்யலாம்?

தலவாக்கலை வாசகி: லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் கோவாவும் நோக்கோலும் போட்டிருக்கிறேன். மழை விட்டு வெயில் ஏறியதிலிருந்து கோவா இலை சல்லடையாகிவிட்டது. சில இடங்களில் ஓட்டை விழாமல், மெல்லிய கண்ணாடித் தாள்போல் தோல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நோக்கோல் பாத்தியில் மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் அடியோடு வெட்டுண்டு கிடக்கிறது. சாம்பல் தூவினால் பனி ஈரத்தில் கரைந்துபோகிறது. பிள்ளைகள் பச்சையாகவே கிள்ளித் தின்னும் தோட்டம் இது, நஞ்சு வேண்டாம். வழி சொல்லுங்கள்.

வெலிமடைத் தம்பி: புகையிலையை ஊறவைத்துச் சவர்க்காரம் கலந்து தெளியுங்கள் அக்கா. எங்கள் பக்கம் பெரியவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

பண்டாரவளை ஓய்வாசிரியர்: தம்பி, அது வேண்டாம். புகையிலைச் சாற்றில் இருக்கும் நிக்கோட்டின் கொடிய நஞ்சு. தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும், தேனீயையும் கொல்லும். செடியிலிருந்து வந்தது என்பதற்காகப் பிள்ளைகள் தின்னும் கீரையில் தெளிக்க முடியாது.

மகள், முதலில் ஒன்று பாருங்கள். கோவா இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும் புழுவை ஈர்க்கால் தொட்டால் என்ன செய்கிறது? நோக்கோல் நாற்றைச் சுற்றி மண்ணைக் கிளறினால் என்ன கிடைக்கிறது?

தலவாக்கலை வாசகி: பார்த்தேன் ஐயா. கோவாவில் இருப்பது சின்னப் பச்சைப் புழு. தொட்டதும் துள்ளிப் பின்னோக்கி நெளிந்து, நூல் விட்டுத் தொங்குகிறது. நோக்கோல் அடியில் கருஞ்சாம்பல் நிறத்தில் தடித்த புழு, வளையமாகச் சுருண்டு கிடந்தது.

பண்டாரவளை ஓய்வாசிரியர்: அப்படியானால் உங்களிடம் இருப்பது இரண்டு எதிரிகள். ஒரே மருந்து இரண்டுக்கும் கேட்காது.

சுருண்டு கிடப்பது வெட்டுப்புழு. பகலில் மண்ணுக்குள், இரவில் தண்டில். இதற்குத் தெளிப்பே தேவையில்லை. அடி வெட்டிய யோகட் கோப்பையை நாற்றைச் சுற்றி ஓர் அங்குலம் மண்ணில் புதையும்படி செருகுங்கள். சாய்ந்த நாற்றின் அடியைக் காலையிலேயே தோண்டினால் புழு அங்கேயே அகப்படும்.

நூல் விடுவது வைரமுதுகுப் பூச்சியின் புழு. இதற்குப் பீ.ரீ. என்னும் பக்டீரியா மருந்து நல்லது. புழு அதை இலையோடு தின்ன வேண்டும். தின்ற சில மணி நேரத்தில் மேய்வதை நிறுத்திவிடும், சாவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். மறுநாளே புழு உயிரோடிருப்பதைப் பார்த்து மருந்து போலி என்று எண்ணிவிடாதீர்கள். வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும் என்பதால் மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். குட்டிப் புழுவில்தான் நன்றாக வேலை செய்யும். கோவா இலையில் மெழுகு இருப்பதால் நீர் உருண்டோடிவிடும். கொஞ்சம் சவர்க்காரக் கரைசல் சேர்த்தால் ஒட்டும். அளவுக்கு லேபிளைப் பாருங்கள். எங்கே கிடைக்கும் என்பதைக் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள்.

ஆனால் அதையே ஓயாமல் தெளிக்காதீர்கள். இந்தப் புழு பீ.ரீ.க்கே பழகிவிடும் என்பது 1990இல் ஹவாய்த் தோட்டங்களில் பதிவாகியிருக்கிறது.

ஹட்டன் வாசகர்: இடையிடையே வேப்பங்கொட்டைக் கரைசல் தெளியுங்கள் அக்கா. நம் குளிரில் வேம்பு வராது, வவுனியாப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் கொட்டை கேளுங்கள். பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, அன்றே தெளிக்க வேண்டும்.

தலவாக்கலை வாசகி: இலையின் அடியில் அரிசிமணிபோல் வெள்ளைக் கூடுகளும் இருக்கின்றன. நசுக்கிவிடவா?

பண்டாரவளை ஓய்வாசிரியர்: பொறுங்கள்! வலைபோல் இழை தெரிந்து, உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ கூட்டுப்புழு தெரிந்தால் அது வைரமுதுகு. நசுக்கலாம். உள்ளே எதுவும் தெரியாமல் கெட்டியாக நெய்திருந்தால், புழுவின் உடம்பில் முட்டையிட்டு அதைக் கொல்லும் குட்டிக் குளவியின் கூடாக இருக்கலாம். அதை விட்டுவிடுங்கள்.

அடுத்த போகத்தில் அந்தப் பாத்தியில் போஞ்சியோ லீக்ஸோ போடுங்கள். முள்ளங்கி வேண்டாம், அதுவும் கோவாவின் இனம்தான்.