வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் காலம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வீட்டு ஓனர் நேற்று வாட்ஸப்பில் ஒரே வரி அனுப்பியிருக்கிறார்: "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க, பையனுக்கு வீடு வேணும்." கடிதமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. எங்கள் பக்கம் வாடகை பாக்கி எதுவும் கிடையாது.

இரு தரப்பும் 2 மாத நோட்டீஸ் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் காலம் முடிந்துவிட்டது. புதுப்பிக்காமலேயே மாதாமாதம் வாடகையை வாங்கிக்கொண்டிருக்கிறார். இங்கேதான் குழப்பம். பழைய நிபந்தனை இன்னும் செல்லுமா? அல்லது வெறும் மாத வாடகைதாரர் என்று கணக்காகி, சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் காலம்தான் கிடைக்குமா? நாட்களை எண்ணுவது செய்தி வந்த நாளிலிருந்தா, அடுத்த வாடகைத் தேதியிலிருந்தா? முதலில் இந்த வாட்ஸப் வரியை நோட்டீஸ் என்றே எடுத்துக்கொள்வார்களா?

நோட்டீஸ் காலம் முடிந்தாலும், கோர்ட் உத்தரவில்லாமல் பூட்டை மாற்றுவதோ கரண்டைத் துண்டிப்பதோ பெரும்பாலான இடங்களில் சட்டப்படி தப்பு என்பது வரைக்கும் தெரியும்.

அப்புறம், "சரி" என்று பதில் போட்டால் நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்று ப்ளூ டிக்கோடு விட்டுவைத்திருக்கிறேன். அடுத்த வாடகையை வங்கி வழியாகவே அனுப்பப்போகிறேன், சாட்சியாக இருக்கும்.

இதே நிலையைக் கடந்தவர்கள் சொல்லுங்கள். நல்ல மனிதர்தான், சண்டை போட விருப்பமில்லை. பிள்ளைகளின் பரீட்சை முடியும்வரை இருந்தால் போதும்.