திரையில தொட்டுப் பார்க்கிற வரைபடத்தில ரெண்டு நிர்வாகப் பிரிவை ஒப்பிடேக்க மாட்டுப்பட்ட இடங்கள் – உங்கட அனுபவம்?

மல்லாவி:
கூட்டத்தில பெரிய திரை. முல்லைத்தீவின்ர மாந்தை கிழக்கைத் தொட, மன்னாரின்ர மாந்தை மேற்குச் சனத்தொகை எழும்பிச்சு. அட்டவணையில வெறும் "மாந்தை" எண்டுதான் இருந்தது. அட்டவணையை வரைபடத்தோட பெயரை வைச்சு இணைச்சால் உதுதான் நடக்கும். பிரிவுக் குறியீட்டால இணையுங்கோ. எக்செல் குறியீட்டின்ர முன் சைபரைத் தின்னும், பிறகு சில பிரிவு வெள்ளையாவே நிக்கும். கோப்பை எக்செல்லுக்குள்ள இறக்கேக்கையே அந்த நிரலை எழுத்து வடிவமாக் குடுங்கோ.

ஒட்டுசுட்டான்:
மொத்தச் சனத்தொகைக்கு நிறம் அடிச்சிருந்தினம். எல்லாற்ற கண்ணும் முல்லைத்தீவில. அதின்ர பரப்பு 2617 சதுர கிலோமீற்றர் எல்லே, யாழ்ப்பாணம் 1025தான். 2012 கணக்கெடுப்பில முல்லைத்தீவில சனம் 92 ஆயிரம், யாழ்ப்பாணத்தில 5.83 இலட்சம். சதுர கிலோமீற்றருக்கு 35 பேரும் 570 பேரும். நிறத்தை அடர்த்திக்குக் குடுத்து, மொத்தத்தை வட்டமாப் போடவேணும். தொகை நாலு மடங்கெண்டால் ஆரை ரெண்டு மடங்குதான்.

பரந்தன்:
கிளிநொச்சி இரணைமடுக் குளம். மார்ச், செப்டெம்பர் சென்ரினல்-2 செய்மதிப் படங்கள், நடுவில இழுக்கிற கோடு. இழுக்க இழுக்கக் கரை உள்ளுக்கு ஓடுது. ஆனால் காடும் நிறம் மாறுது! ரெண்டு படத்துக்கும் மென்பொருள் தனித்தனியா ஒளி அளவு பிடிச்சிருக்கு. குறைந்த, கூடிய பெறுமானத்தை ரெண்டுக்கும் ஒண்டாக் கையால குடுக்கவேணும்.

கரைச்சி:
ஒட்டுசுட்டான் தம்பி, வட்டமும் வேண்டாம். வட்டத்தின்ர பரப்பைக் கண் சரியா அளக்காது. பக்கத்தில இறங்குவரிசைச் சட்ட வரைபை (பெரிசில இருந்து சின்னனுக்கு அடுக்கின நீளப் பட்டைகள்) போட்டு ரெண்டையும் பிணையுங்கோ: சட்டத்தைத் தொட்டால் பிரிவின்ர கரை கறுக்கவேணும், மற்றதெல்லாம் மங்கவேணும். போனில சுட்டி இல்லை, அதால மேல கொண்டுபோனால் காட்டுற பெட்டி உதவாது. தட்டின பிரிவு தெரிவாகி நிக்கவேணும், ரெண்டு பிரிவு நிண்டால் வித்தியாசம் கீழ வரட்டும், மூண்டாவதைத் தட்டினால் முதலாவது போகட்டும். ரெண்டு வருசத்தை ஒப்பிட்டால் நிறம் மாறுற வகுப்பெல்லை ஒண்டாயிருக்கவேணும், ஐஞ்சு வகுப்புக் காணும். தானா வகுக்க விட்டால் அதே நிறம் வேற எண்ணைச் சொல்லும். கிராம அலுவலர் எல்லைக் கோப்புப் பாரம் எண்டால் மாப்ஷேப்பர் எண்ட மென்பொருளில குறையுங்கோ. பொதுக்கரையைச் சேர்த்துக் குறைக்கும், இடையில கீறு விழாது.

ஒட்டுசுட்டான்:
சரி அண்ணை. ஆனால் சட்டத்தைப் பார்த்து ஆர் ஆருக்குப் பக்கம் எண்டு தெரியுமே? இரணைமடு வான் பாய்ஞ்சால் தண்ணி கண்டாவளைப் பிரிவுப் பக்கம் போகும். உங்கட வரிசையில அது எங்கையோ கிடக்கும்.