இறையியல் படிக்கப் பெங்களூரு போகிறவர்களுக்கு: நாங்கள் பார்த்ததும் பட்டதும்

பழைய மாணவர், இப்போது தூத்துக்குடிப் பக்கம் ஒரு சேகரத்தில் (சில சபைகள் சேர்ந்த பகுதி) ஊழியம்

இந்த ஜூனில் பி.டி. என்னும் இறையியல் பட்டம் படிக்கப் போகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?"

இதற்குப் பதில் சின்னது. நல்ல ஸ்வெட்டர் ஒன்று, கனமான போர்வை, குடை. பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். நம் பக்கத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு ஜூன் மாத மழைக்காற்றே குளிரும், டிசம்பரைச் சொல்லவே வேண்டாம். அப்புறம் தமிழ் வேதாகமம், பாமாலையும் கீர்த்தனையும். வாளி, தலையணை எல்லாம் ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். சிவாஜிநகரில் ரசல் மார்க்கெட்டைச் சுற்றி மலிவாகவே கிடைக்கும். மில்லர்ஸ் ரோட்டில் இருக்கும் யு.டி.சி. என்னும் ஐக்கிய இறையியல் கல்லூரிக்குப் போகிறவர்கள் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்குங்கள். மெஜஸ்டிக்கில் இருக்கும் பெரிய ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல்.

யாரும் கேட்காத ஒன்றைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். முதல் வருஷமே பழைய ஏற்பாட்டு வகுப்பில், வேதாகமத்தின் முதல் ஐந்து புத்தகங்களான ஐந்தாகமங்களை மோசே ஒருவரே உட்கார்ந்து எழுதவில்லை, பல காலத்து மரபுகள் சேர்த்துத் தொகுக்கப்பட்டவை என்று பேராசிரியர் சொல்வார். ஆதியாகமம் முதல் அதிகாரத்துப் படைப்பும் இரண்டாம் அதிகாரத்துப் படைப்பும் வேறு வேறு வரிசையில் வருவதைக் காட்டுவார். கடவுளின் பெயர் எங்கே ஏலோகிம் என்றும் எங்கே யாவே என்றும் மாறுகிறது என்று காட்டுவார். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் வெல்ஹவுசன் போன்றவர்கள் வளர்த்தெடுத்த ஆய்வு இது. படித்துப் பழகிய பிறகு வேதத்தின் ஆழம் கூடத்தான் செய்யும். ஆனால் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லிப் பரிசு வாங்கி, சபை முழுக்க ஜெபித்து அனுப்பிய பிள்ளைக்கு அந்த முதல் மாதங்கள் கால் தரையில் பாவாத காலம்.

என் அறைத்தோழன் ஒருவன் அப்படித்தான் ஆனான். கல்லூரிச் சேப்பலில் நடக்கும் ஆராதனைக்கு வருவதை நிறுத்தினான். அம்மா போன் செய்தால் "நல்லா இருக்கேம்மா" என்பான், வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான். எங்களிடமும் பேசவில்லை. வார இறுதி ஊழியத்துக்கு அவனை ஒரு சின்னத் தமிழ்ச் சபைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், ஆராதனை முடிந்ததும் அவனைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போவார். ஒரு ஞாயிறு சாப்பாட்டுக்கு நடுவில் இவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பெரியவர் அதிர்ந்து போகவில்லை. "தம்பி, நான் இதெல்லாம் படிச்சவன் இல்ல. ஆனா பதிமூணாம் சங்கீதத்தைப் பாரு. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்னு ஆண்டவர்கிட்டயே கேக்குறார். அப்படிக் கேட்டதையும் வேதத்துக்குள்ளதானே வச்சிருக்காங்க" என்றாராம். அந்த ஞாயிறுக்குப் பிறகு அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினான். இன்று தன் சபையாருக்கு வேதபாட வகுப்பு நடத்துகிறவர்களில் அவன் அளவுக்குப் பொறுமையாக நடத்துகிறவரை நான் பார்த்ததில்லை.

அதனால் சொல்கிறேன்: முதல் மாதத்திலேயே ஒரு சபையைத் தேர்ந்து அங்கேயே நில்லுங்கள். சின்னச் சபையாக இருந்தால் இன்னும் நல்லது. இசைக்குழு நன்றாக இருக்கிறது, பிரசங்கியார் பிரபலம் என்று வாரம் ஒரு பெரிய ஆலயமாகச் சுற்றினால் நான்கு வருஷத்தில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு வீடும் இருக்காது. அப்படி ஒரு வீடு வேண்டும். பேராசிரியர்களிடமும் போய்ப் பேசுங்கள். அவர்களும் இந்தக் குழப்பத்தைத் தாண்டி வந்தவர்கள்தான்.

முதல் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கவனம். கிறிஸ்துமஸ் லீவில் சொந்தச் சபைப் பீடத்தில் ஏறி, வகுப்பில் கேட்டதை அப்படியே பிரசங்கமாகக் கொட்டிய ஒரு பையனைப் பற்றிப் பேராயர் அலுவலகம் வரை புகார் போனது. இதை மறைக்கச் சொல்லவில்லை. உங்களுக்கே ஒரு வருஷம் தேவைப்பட்ட விஷயத்தைச் சபையார் இருபது நிமிஷத்தில் ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்கிறேன்.

மாணவி, மூன்றாம் ஆண்டு

அண்ணன் சொன்ன அந்த "ஒரு வீடு" எனக்கும் கிடைத்தது. அது இல்லையென்றால் நான் பாதியில் ஊருக்குத் திரும்பியிருப்பேன். பெண் பிள்ளைகளுக்காக நான் சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

கர்நாடகத்தில் 2023 ஜூன் முதல் பெண்களுக்கு அரசுப் பேருந்தில் இலவசப் பயணம். அது கர்நாடக முகவரி உள்ளவர்களுக்குத்தான். தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டினால் நடத்துநர் டிக்கெட் எடுக்கச் சொல்வார். அது அவர் குற்றமில்லை. பேருந்துச் செலவை முதலிலேயே கணக்கில் வையுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஆட்டோ மீட்டரில் ஒன்றரை மடங்கு கட்டணம். ஊழியத்துக்குப் போகிற இடத்திலிருந்து சாயங்காலமே கிளம்பிவிடுங்கள். "ஜெபக்கூட்டம் முடிஞ்சு போகலாம்மா" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். "விடுதி நேரம் இருக்கு ஆன்ட்டி" என்று நீங்களும் அன்பாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம்.

கன்னடம் படியுங்கள். சிவாஜிநகர், அல்சூர், காக்ஸ் டவுன் பக்கமெல்லாம் தமிழே போதும் என்பார்கள். 1809இல் கண்டோன்மென்ட் வந்த காலம் தொட்டுத் தமிழர்கள் வாழ்கிற பகுதிகள் அவை, அதனால் உண்மைதான். ஆனால் இதே நகரத்தில் 1991இல் காவிரிப் பிரச்சினையில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், 2016இல் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. அல்சூர் ஏரிக்கரையில் துணி போட்டு மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறக்க 2009 ஆகிவிட்டது. அந்தக் காயங்களைச் சுமக்கிற மனிதர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள், நம் சபைகளிலும் இருக்கிறார்கள். "எஷ்டு" (எவ்வளவு), "பேகு" (வேண்டும்), "பேடா" (வேண்டாம்), "இல்லி நில்சி" (இங்கே நிறுத்துங்கள்) இவ்வளவு தெரிந்தாலே ஆட்டோவிலும் கடையிலும் முகம் மலரும். "கன்னட ஸ்வல்ப ஸ்வல்ப பரத்தே" (கன்னடம் கொஞ்சம் கொஞ்சம் வரும்) என்று நான் சொன்ன அன்றே எங்கள் காய்கறிக்கார அம்மா எனக்கு டீச்சராகிவிட்டார்.

விடுதியில் என் பக்கத்து அறையில் நாகாலாந்து அக்கா. புளிக்க வைத்த சோயாவில் அவர் சமைத்தால் வராந்தா முழுக்க வாசனை. நம் பிள்ளைகள் சிலர் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நம் வீட்டில் கருவாடு வறுக்கிற நாளில் அடுத்த வீட்டுக்காரர் அப்படிச் செய்தால் எப்படி இருக்கும்? தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள். மிசோரம், நாகாலாந்துப் பிள்ளைகள் நான்கு குரலில் பாடுவதைப் பக்கத்தில் நின்று கேட்பதே ஒரு படிப்பு.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குத் தியாலஜி?" என்று ஊரில் கேட்பார்கள். 2013இல் புஷ்பா லலிதா அம்மா நந்தியாலில், சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் ஆனார். கேட்கிறவர்களிடம் சண்டை போடாமல் அதை மட்டும் சொல்லுங்கள்.

சென்னை கீழ்ப்பாக்கத்தில் படித்தவர்

நான் பெங்களூரு இல்லை, இங்கே இருக்கும் குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரி. ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும்.

விடுதிக்குப் போன முதல் வாரம் சீனியர் ஒருவர் வந்து "எந்த ஊர்?" என்பார். சொன்னால், "அங்க எந்தக் கோயில்?" என்பார். அப்புறம் அப்பா பெயர், தாத்தா ஊர். எதற்காகக் கேட்கிறார் என்று தென்மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. பதில் கிடைத்ததும் மெஸ்ஸில் உங்கள் மேஜை முடிவாகிவிடும், தேர்தலில் உங்கள் ஓட்டும் முடிவாகிவிடும். பாசமாக ஒட்டிக்கொள்வதால் புதிதாக வந்தவர்களுக்கு இதமாகக்கூட இருக்கும்.

தயவுசெய்து அந்த மேஜையில் உட்காராதீர்கள். 1981இல் இறையியலாளர் அரவிந்த் நிர்மல் பெங்களூரு யு.டி.சி.யில் ஆற்றிய உரையில்தான், சாதியால் ஒடுக்கப்பட்டவர்களின் பார்வையில் விசுவாசத்தை யோசிக்கிற தலித் இறையியல் தன் முதல் அடியை எடுத்து வைத்தது. பிறகு அவர் எங்கள் குருகுலத்துக்கு வந்து அந்தத் துறையை நடத்தினார். நீங்கள் போகிற இடம் அது. அந்தப் பாடத்தைப் பகலில் படித்துவிட்டு இரவில் சாதி பார்த்துச் சாப்பிட உட்கார்ந்தால், படித்த எதையும் சபையில் வாய் திறந்து சொல்ல முடியாது. நான் படித்தபோது ஒரு தம்பி எந்தக் கோயில் என்று கேட்டவரிடம், "இப்ப இந்த சேப்பல்தான் அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய் ஒடிசாப் பையன்களோடு உட்கார்ந்தான். அடுத்த வாரம் நாங்களும் சிலர் அங்கே போய் உட்கார்ந்தோம்.

பழைய மாணவர், மறுபடியும்

குருகுலத்துத் தம்பி சொன்னதை அப்படியே ஏற்கிறேன்.

தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் பி.டி. படிக்க முடியுமா என்று ஒரு பிள்ளை தனியாகக் கேட்டிருந்தது. முடியும், ஆனால் முதல் வருஷம் கஷ்டம். உண்மையிலேயே தமிழில்தான் ஓடும் என்றால் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. அங்கே தமிழிலேயே படிக்கலாம், பட்டமும் பெங்களூரில் கிடைக்கிற அதே பட்டம்தான், இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட் தருவது. அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

பெங்களூருதான் என்று முடிவு செய்துவிட்டால், கட்டுரையைத் தமிழில் யோசித்து எழுதிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் புதிதாக எழுதுங்கள். சீனியர்களின் பழைய நோட்ஸை வாங்கிப் படியுங்கள். புத்தகத்துக்கு அவென்யூ ரோட்டுப் பழைய கடைகளில் தேடுங்கள். கல்லூரி திறக்கும் முன்பே கிரேக்க எழுத்துகள் 24, எபிரெய எழுத்துகள் 22, இரண்டையும் கையால் எழுதிப் பழகிவிடுங்கள். கான்வென்டில் படித்தவர்களுக்கும் அவை புதிதுதான், அந்த வகுப்பில் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்துதான் கிளம்புகிறார்கள். எபிரெய வரிசை மனதில் நிற்க 119ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 176 வசனங்களும் எட்டெட்டாக 22 பகுதிகளாய் வருவது அந்த எழுத்து வரிசையில்தான்.