ஜெர்ம் செல்லுக்குக் 'கால்வழிச் செல்' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அயனியாக்கும் கதிர்வீச்சு விலங்குகளின் இனப்பெருக்கத்தை எப்படிப் பாதிக்கிறது என்று எழுதும்போது ஜெர்ம் செல்லை, அதாவது விந்தணு, முட்டை, அவற்றை உண்டாக்கும் செல்கள் எல்லாவற்றையும் சேர்த்து, தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: முளைச்செல், கருச்செல், இனச்செல். மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை.

முளைச்செல் என்பது ஜெர்ம் என்ற சொல்லை அகராதியில் பார்த்து அப்படியே பெயர்த்தது. படிப்பவருக்கு விதை முளைப்பதுதான் நினைவுக்கு வரும். கருச்செல்லில் சிக்கல் இன்னும் பெரிது. கதிர்வீச்சுக் கட்டுரையில் பக்கத்துக்குப் பக்கம் அணுக்கரு வரும். இலங்கைப் பாடநூல்களில் செல்லின் நடுவே இருப்பதும் கருதான். போதாததற்கு, வயிற்றில் வளரும் கருவைக் கதிர் தாக்குவது முற்றிலும் வேறு விஷயம். அதையும் இதையும் ஒரே சொல்லில் கட்டிவைப்பது சரியல்ல.

இனச்செல் நல்ல சொல், பள்ளிப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அங்கே அது விந்தணுவையும் முட்டையையும் மட்டும், அதாவது கேமீட்டைக் குறிக்கிறது. கேமீட்டும் ஜெர்ம் செல்தான், ஆனால் எல்லா ஜெர்ம் செல்லும் கேமீட் அல்ல. வேறு துறையில் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாமல் விடலாம். கதிர்வீச்சைப் பற்றி எழுதும்போது முடியவே முடியாது.

விந்தகத்துக்குள் பல பருவச் செல்கள் ஒரே நேரத்தில் இருக்கின்றன. குழாய்ச் சுவரோரம் தாய்ச்செல்கள் இருக்கும். அவை பிரிந்து பெருகி, உள்ளே நகர நகர முதிர்ந்து, கடைசியில் வால் முளைத்த விந்தணுவாகும். ஒரே அளவு கதிர் பட்டாலும் பருவத்துக்குப் பருவம் விளைவு மாறும். விரைந்து பிரியும் இடைப்பருவச் செல்கள் முதலில் சாகின்றன. பிரெஞ்சுக்காரர்களான பெர்கோனியேயும் ட்ரிபோந்தோவும் எலி விந்தகத்தை எக்ஸ் கதிருக்கு உட்படுத்திப் பார்த்து 1906இல் சொன்னது இதைத்தான். முதிர்ந்த விந்தணு அவ்வளவு எளிதில் சாகாது. ஆனால் அதன் டிஎன்ஏ முறிந்தால் ஒட்டிக்கொள்ள அதனிடம் வழி இல்லை. முறிவோடேயே நீந்திப்போய் முட்டையில் சேரும். அதற்கப்புறம் முட்டையிலுள்ள நொதிகள் பழுதுபார்த்தால்தான் உண்டு.

கதிர் பட்ட ஆண் எலியை உடனே இணைய விட்டால், முதிர்ந்த பருவச் செல்களில் நேர்ந்த மாற்றம் குட்டிகளில் தெரியும். ஏழு வாரத்துக்கு மேல் விட்டு இணைய விட்டால், தாய்ச்செல்லில் நேர்ந்தது தெரியும். முன்னது சில வாரங்களில் தீர்ந்துவிடும். பின்னது அந்த எலி இருக்கும்வரை தொடரும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் வில்லியம் ரஸ்ஸல், லியேன் ரஸ்ஸல் தம்பதி இப்படித்தான் பிரித்துப் பார்த்தார்கள். ரோமத்தின் நிறம், காதின் நீளம் போன்றவற்றை மாற்றும் ஏழு மரபணுக்களை எடுத்துக்கொண்டு, லட்சக்கணக்கான குட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்த பொறுமை அவர்களுடையது. 1958இல் வந்த முடிவு: அதே மொத்த அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் தாய்ச்செல்களில் சடுதிமாற்றம் குறைகிறது. முதிர்ந்த விந்தணுவில் அந்தக் குறைவு இல்லை. தாய்ச்செல், விந்தணு என்ற இரண்டு இடத்திலும் 'இனச்செல்' என்று எழுதிப் பாருங்கள், ஆய்வின் முடிவே காணாமல் போய்விடும்.

அதனால் என் முன்மொழிவு 'கால்வழிச் செல்'. கால்வழி என்றால் வம்சம். 'அவர் கால்வழியில் வந்தவர்கள்' என்று நாம் சொல்வதுதான். தலைமுறைக்குத் தலைமுறை கைமாறும் செல் வரிசை முழுவதும் இதில் அடங்கும். அந்த வரிசைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரான ஜெர்ம் லைன் கால்வழி, அதில் நேரும் மாற்றம் கால்வழிச் சடுதிமாற்றம். எதிர்ச்சொல்லாக உடல் செல் இருக்கவே இருக்கிறது. கேமீட்டுக்கு இனச்செல் அப்படியே இருக்கட்டும். 'கால்' என்றதும் பாதம் நினைவுக்கு வருமே என்று ஒருவர் கேட்கக்கூடும். வாய்க்காலைப் படிக்கும்போது யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லை.

பெண் பக்கமும் பொருத்திப் பார்த்தேன். 'பெண் எலி பிறக்கும்போதே அதன் கால்வழிச் செல்கள் பிரிந்து பெருகுவதை நிறுத்தி அண்டச்செல்களாகிவிட்டிருக்கும்; குட்டி எலியில் 0.2 கிரேக்கும் குறைந்த கதிர் அவற்றில் பாதியை அழித்துவிடும்.' (கிரே என்பது உடல் ஏற்கும் கதிர் அளவின் அலகு.) வாக்கியம் தடங்கல் இல்லாமல் போகிறது. மனிதப் பெண்ணுக்கு அதே விளைவு நேர இதைப்போலப் பல மடங்கு அளவு வேண்டும். எலிக் கணக்கை மனிதருக்கு அப்படியே மாற்றி எழுதிவிடக் கூடாது. ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளிடம் மரபுவழிக் கேடு தெளிவாகத் தென்படவில்லை. 'கதிர் பட்டால் சந்ததியே கெடும்' என்று போகிற போக்கில் எழுதுபவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. அந்த ஒரு வரியால் எத்தனை குடும்பங்களில் திருமணப் பேச்சே நின்றுபோகும்!

இன்னொரு சொல், சுருக்கமாக. பூச்சி இனத்தை ஒழிப்பதற்காகக் கதிரூட்டி வெளியே விடப்படும் ஆண் பூச்சியை 'மலட்டு ஆண்' என்கிறோம். 1954இல் குராசாவ் தீவில், கால்நடைப் புண்ணில் முட்டையிடும் ஸ்க்ரூவார்ம் ஈயை இந்த முறையில்தான் ஒழித்தார்கள். அந்த ஆண் ஈ இணைகிறது, அதன் விந்தணு முட்டைக்குள்ளும் போகிறது. குரோமோசோம் முறிந்திருப்பதால் முட்டைக்குள்ளே கரு வளர்ச்சி நின்று செத்துவிடுகிறது. பெண் ஈ பெரும்பாலும் ஒரே முறைதான் இணையும் என்பதால் அதன் முட்டைகள் எல்லாமே வீண். விந்தணுவே இல்லாத மலடு வேறு, இது வேறு. 'மலட்டு ஆண்' பரவிவிட்டதால் அதை மாற்ற வேண்டாம், ஆனால் உள்ளே நடப்பதற்கு 'ஓங்கு கொல்லி மாற்றம்' என்று தனிப்பெயர் கொடுக்கலாம். ஓங்கு என்றால் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படுவது, கொல்லி என்றால் உயிரைப் பறிப்பது; இரண்டுமே மரபியல் பாடத்தில் புழங்குபவைதான்.

இலங்கை நண்பர்கள் செல்லைக் கலம் என்று எழுதுவதால் அங்கே 'கால்வழிக் கலம்' என்றாகும். உங்கள் காதுக்கு அது சரியாக ஒலிக்கிறதா என்று சொல்லுங்கள். மற்றவர்கள் தாங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையில் ஒரு பத்தியிலாவது போட்டுப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று இந்த இழையிலேயே எழுதுங்கள்.