லாக்-அவுட் செய்தால் சிங்திங் நின்றுபோகிறது: உங்களுக்கும் நடந்ததா?

ஈசூன்வாசி:
அப்பா அங் மோ கியோ வீட்டில், தாத்தா மன்னார்குடியிலிருந்து எழுதிய கடிதங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து மடிக்கணினியில் சேர்த்து வருகிறார். தாள் தொட்டாலே பொடிகிறது. இன்னொரு முறை எடுக்க வழியில்லை. அதனால் என் வீட்டில் உள்ள ராஸ்பெரி பை (Raspberry Pi) என்ற சிறு கணினியில், இரு கணினிகளின் கோப்புகளை நேரடியாக ஒத்திசைக்கும் சிங்திங் மென்பொருளை நிறுவினேன். யாருடைய சர்வரிலும் கோப்பு தங்காது என்பதுதான் எனக்குப் பிடித்தது.

நிறுவ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. என் பயனர் கணக்கின் சேவையாகவே (பின்னணியில் தானாக ஓடும் நிரல்), 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையில் 'யூசர்' என்று சேர்த்து எனேபிள் செய்தேன். கடிதங்கள் வரிசையாக வந்து இறங்கின. அந்தச் சிறு கணினிக்குள் வலைவழி நுழைந்திருந்த எஸ்எஸ்எச் இணைப்பை மூடிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் அப்பா அழைத்தார். "என்னப்பா, உன் பக்கம் துண்டிச்சிருக்குன்னு காட்டுதே?" உள்ளே நுழைந்து பார்த்தால் நன்றாக ஓடுகிறது! அடுத்த நாளும் இதே கதை. வைஃபையைச் சந்தேகித்தேன், சிம் லிம் ஸ்குவேர் போய் புது லேன் கேபிள் வாங்கி வந்தேன். இரண்டு வாரம் போயிற்று. நான் பார்க்க வரும்போதெல்லாம் ஓடுகிறதே என்று அதுவரை யோசிக்கவே இல்லை.

'ஜர்னல்சிடிஎல்' காட்டும் கணினியின் நிகழ்வுப் பதிவை நேரம் நேரமாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஒவ்வொரு முறையும் நான் வெளியேறிய சில வினாடிகளில் சேவை நின்றிருக்கிறது. பயனர் சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி, அந்தப் பயனர் முதலில் நுழையும்போது எழுந்து, அவருடைய கடைசி அமர்வு முடிந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். நான் வெளியேறினாலும் சேவைகள் ஓட, 'லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்' என்ற கட்டளையை என் பயனர் பெயரோடு ஒரே ஒரு முறை கொடுத்தேன். பிறகு ராஸ்பெரி பையை ரீபூட் செய்து, உள்ளே நுழையாமலே அப்பாவை அழைத்துக் கேட்டேன். "இணைஞ்சிருச்சு" என்றார். அன்றைக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

தெம்பனிஸ் தம்பி:
எனக்கு வேறு மாதிரி, அண்ணே. அதிகாலை 3 மணிக்கு ஓட டைமர் வைத்தேன், காலை 11 மணிக்கு ஓடியது. கணினி யுடிசியிலேயே (சிங்கப்பூரைவிட 8 மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம்) இருந்திருக்கிறது. 'டைம்டேட்சிடிஎல்' மூலம் நேர மண்டலத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

பிடோக் அக்கா:
தம்பி, ஒன்றை மறந்துவிடாதீர்கள். சிங்திங் ஒத்திசைக்கும், அவ்வளவுதான். அதைக் காப்புப் பிரதி என்று நம்பக் கூடாது. அப்பா தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் உங்கள் பக்கமும் அழிந்துவிடும். என் மகள் குழந்தையாக இருந்தபோது எடுத்த ஒரு வருடப் படங்கள் அப்படித்தான் போயின. ராஸ்பெரி பையில் அந்தக் கோப்புறைக்கு 'ஃபைல் வெர்ஷனிங்' போட்டு வையுங்கள். அழிந்தவை உள்ளேயே தனிக் கோப்புறையில் தங்கும்.

ஈசூன்வாசி:
அக்கா, படித்த உடனே போட்டுவிட்டேன். வெற்றுத் தாள் ஒன்றை ஸ்கேன் செய்து சேர்த்து, நான் சொன்னதும் அழிக்கும்படி அப்பாவிடம் கேட்டிருக்கிறேன்.