அசல் உத்தர் போரை மேஜையில் ஆட எந்த ஸ்கேல் டாங்கி வாங்கலாம்?

புதுத்தூரிகை:

வணக்கம். இதுவரை ஷெல்ஃபில் வைத்துப் பார்க்கிற மாடல்கள்தான் செய்து வந்தேன். டமியாவின் 1/35 (நிஜ அளவில் 35-இல் ஒரு பங்கு) எம்48 பேட்டன் டாங்கி ஒன்று கண்ணாடி அலமாரியில் நிற்கிறது. இப்போது தம்பியும் நானும் மேஜை மேல் மாடல்களை நகர்த்திப் போர் ஆடும் வார்கேமில் இறங்கலாம் என்று பேச்சு. நார்மண்டி, குர்ஸ்க் எல்லாம் ஆட நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் ஆட நினைப்பது 1965 இந்தியா-பாகிஸ்தான் போரில், செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பக்கம் நடந்த அசல் உத்தர் போர். சாப்பாட்டு மேஜை மேல் ஆறுக்கு நாலு அடி பிளைவுட் போட்டுக்கொள்ளலாம். ஆனால் 1/56, 1/72, 1/100, 1/285 என்று படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. பாதியில் ஸ்கேல் மாற்ற பர்ஸ் இடம் கொடுக்காது. எதை எடுக்கலாம்?

இன்னொன்று, மாமா ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். விஜயந்தா ஒன்றாவது களத்தில் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறார். வைக்கலாமா?

எழுபத்திரண்டு:

யோசிக்கவே வேண்டாம், 1/72. பிளாஸ்டிக் சிப்பாய்கள் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும், டாங்கியும் கைக்கு அடக்கமாக இருக்கும். பழைய 1/76 கிட் மாட்டினாலும் சேர்த்துக்கொள்ளலாம், ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

மேஜைத்தளபதி:

தம்பி, முதலில் டாங்கியை மறந்துவிட்டு மேஜையைப் பாருங்கள். ஆறடி என்பது 1.8 மீட்டர். 1/56-இல் அது நிஜ நிலத்தில் சுமார் 100 மீட்டர். 1/100-இல் 180 மீட்டர். 1/285-க்குப் போனாலும் ஐந்நூறு மீட்டர் சொச்சம்தான். பாகிஸ்தான் பக்கத்து பேட்டனின் 90 மி.மீ. பீரங்கியும் இந்தியப் பக்கத்து செஞ்சுரியன் டாங்கியின் 20 பவுண்டர் பீரங்கியும் ஆயிரம் மீட்டருக்கு மேலும் அடிக்கும். 1/72-இல் ஆயிரம் மீட்டர் என்றால் கிட்டத்தட்ட 14 மீட்டர். அவ்வளவு நீளத்துக்குப் பலகை போட்டால் அடுத்த வீட்டுக்காரரும் ஆட்டத்தில் சேர்ந்துவிடுவார். ஆக, எந்த ஸ்கேலை எடுத்தாலும் தூரம் நிஜமாக வராது. அதனால்தான் பெரும்பாலான விதிகள் மாடலுக்கு ஒரு ஸ்கேல், நிலத்துக்கு வேறு ஸ்கேல் என்று வைத்துக்கொள்கின்றன.

உங்கள் பலகையில் ஒரு சென்டிமீட்டரைப் பத்து மீட்டராக வைத்துக்கொள்வோம். ஆறடிக்கு 1.8 கிலோமீட்டர் நிலம் கிடைக்கிறது, இந்தப் போருக்கு அது போதும். இனி டாங்கிக்கு வாருங்கள். எம்48-இன் அகலம் சுமார் 3.65 மீட்டர். 1/56-இல் அது 65 மி.மீ., உங்கள் நிலத்தில் 65 மீட்டரை அடைத்துக்கொண்டு நிற்கும். பத்து பேட்டனை வரிசையாக நிறுத்தினால் இடைவெளியே விடாமல் இரண்டடிக்கு மேல் போய்விடும். கோயம்பேடு பஸ் ஸ்டாண்டுதான். 1/72-இல் 51 மி.மீ., பரவாயில்லை ரகம். 1/100-இல் 36. அப்போதுதான் இரண்டு டாங்கிக்கு நடுவே கொஞ்சம் வெற்று நிலம் தெரியும், பக்கவாட்டில் சுற்றி வருவது என்பதற்கே அர்த்தம் வரும்.

அப்படியானால் 1/285-தானே உத்தமம் என்று கேட்பீர்கள். பாலைவனப் போருக்கு, சினாய்க்கு, நானே அதைத்தான் சொல்வேன். அசல் உத்தர் அப்படியில்லை. அது கரும்புக்காட்டுக்குள் நடந்த போர். 4-வது மலைப்படைப் பிரிவு குதிரைலாட வடிவில் தற்காப்பு அமைத்து, வயல்களுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டுக் காத்திருந்தது. பேட்டன்கள் சேற்றில் திணறிக்கொண்டு கரும்புக்குள் வந்தன, இந்திய டாங்கிகள் கிட்டத்தில் வரும்வரை பொறுத்துச் சுட்டன. பேட்டனின் நீளக்கை அங்கே பயன்படவில்லை.

அதைவிட முக்கியம் ஜீப். 4 கிரனேடியர்ஸின் அப்துல் ஹமீது, 106 மி.மீ. ஆர்.சி.எல். (பின்னுதைப்பு இல்லாத டாங்கி எதிர்ப்பு) துப்பாக்கி பொருத்திய ஜீப்பிலிருந்து பேட்டன்களை அடித்து, செப்டம்பர் 10 அன்று உயிரைவிட்டு, பரம் வீர் சக்ரா பெற்றவர். இந்தப் போரை ஆடுகிறவன் அந்த ஜீப் இல்லாமல் ஆட முடியாது. 1/285-இல் ஜீப் 12 மி.மீ., துப்பாக்கி ஒரு மயிரிழை. எதிரி கண்ணுக்கு மட்டுமல்ல, உங்கள் கண்ணுக்கும் தெரியாது. 1/100-இல் 33 மி.மீ. வரும். கையால் எடுத்து நகர்த்தலாம், டிரைவருக்கு முகம்கூட வரையலாம். எனக்கு ஒரு வழக்கம் உண்டு: களத்தில் முக்கியமான பொருள்களிலேயே மிகச் சிறியது எது என்று பார்த்து, அது பளிச்சென்று தெரிகிற ஸ்கேலை எடுப்பேன். பெரிய டாங்கி எப்படியும் தெரியும்.

எனவே 1/100, அதாவது வார்கேம்காரர்கள் சிப்பாய் பொம்மையின் உயரத்தை வைத்து 15 மி.மீ. என்று சொல்வது. கூடுதல் வசதியும் உண்டு. இங்கே இந்தியப் பக்கம் மூன்று டாங்கி ரெஜிமெண்ட்: 3 கேவல்ரியிடம் செஞ்சுரியன், டெக்கான் ஹார்ஸிடம் ஷெர்மன், 8 கேவல்ரியிடம் ஏ.எம்.எக்ஸ்-13. எதிரே பேட்டன். 1967 அரபு-இஸ்ரேல் போருக்காக பேட்டில்ஃப்ரண்ட் கம்பெனி போட்ட 1/100 வரிசையிலேயே செஞ்சுரியனும் எம்48-உம் ஏ.எம்.எக்ஸும் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போர் ஷெர்மனுக்கு எங்கேயும் பஞ்சமில்லை. ஒரே ஸ்கேலில் இத்தனையும் சுலபமாக அகப்படுவது பெரிய விஷயம்.

1/56-ஐ நான் குறை சொல்லவில்லை. ஒரு பிளாட்டூன் சிப்பாய், துணைக்கு ஒரு டாங்கி என்று ஆடும் போல்ட் ஆக்‌ஷனுக்கு அது அருமை. உங்கள் 1/35 அலமாரியிலேயே இருக்கட்டும், குழலோடு சேர்த்து 26 சென்டிமீட்டர் நீளம். அந்த ஸ்கேல் பிறந்த கதை தெரியுமா? டமியா தன் முதல் மோட்டார் பேந்தர் (ஜெர்மன் டாங்கி) மாடலைச் செய்தபோது உள்ளே பேட்டரியும் மோட்டாரும் அடங்குகிற அளவாகப் பார்த்து வைத்தார்கள். அதுவே உலக வழக்கமாகிவிட்டது. வார்கேமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

விஜயந்தா: மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். 1965-இல் ஆவடியில் அது அப்போதுதான் உருவாகத் தொடங்கியிருந்தது, அசல் உத்தரில் இல்லை. 1971-ஐ ஆடும்போது மாமாவைத் தளபதியாகவே உட்கார வையுங்கள்.

ரெசின்வாசனை:

வீட்டில் 3டி பிரிண்டர் இருந்தால் 1/144-உம் பாருங்கள். செலவு குறையும், மேஜையில் இன்னும் இடம் கிடைக்கும். ஆனால் 1/100 பிரிண்ட் ஃபைலை அப்படியே 69 சதவீதமாகச் சுருக்கி அச்சடிக்காதீர்கள். பீரங்கிக் குழல் நூல் மாதிரி வந்து, முதல் ஆட்டத்திலேயே உடைந்துவிடும். குழலை வெட்டி எறிந்துவிட்டு, கோபுரத்தில் சிறு துளை போட்டுத் தலை நறுக்கிய குண்டூசியை ஒட்டிவிடுங்கள்.

புதுத்தூரிகை:

ரொம்ப நன்றி அண்ணா, 1/100 என்றே முடிவு. தம்பிக்கு பேட்டன், எனக்கு செஞ்சுரியன். கரும்புக்கு என்ன செய்வது? கடையில் விற்கிற வயல் ஷீட் எல்லாம் கோதுமை உயரம்தான் இருக்கிறது.

மேஜைத்தளபதி:

தேங்காய் நார் மிதியடியை வெட்டிப் போடுவார்கள். அது கோதுமைக்குச் சரி, கரும்புக்குக் குட்டை. பூந்துடைப்பத்தைப் பிரித்து 2.5 சென்டிமீட்டருக்கு நறுக்கி, இரண்டு விரல் அகல தெர்மோகோல் பட்டைகளில் நெருக்கமாகக் குத்திப் பச்சை அடியுங்கள். பேட்டனின் உயரம் இந்த ஸ்கேலில் 31 மி.மீ., அதனால் உடல் முழுக்க மறைந்து கோபுரத்தின் உச்சி மட்டும் எட்டிப் பார்க்கும். உள்ளே இருக்கிற தளபதிக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கும் என்று புரியும். டாங்கி நுழைந்தால் அந்தப் பட்டையை எடுத்துவிடுங்கள், மிதித்துப் போன தடம் கிடைக்கும்.

ஜீப்பை மட்டும் இரண்டு மூன்று கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.சி.எல். சுட்டதும் பின்பக்கம் தீயும் புழுதியும் கிளம்பி இடம் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் சுட்ட ஜீப் அடுத்த முறைக்குள் நகர்ந்தே ஆக வேண்டும், நகராவிட்டால் எதிரி டாங்கிகள் தேடாமலே சுடலாம் என்று ஒரு விதி வையுங்கள். தம்பி முதலில் முறைப்பான், விடாதீர்கள்.