உதவி: பந்தயக் கார் மாதிரியில் டேங்க் பொருந்தவில்லை, ஞாயிறுக்குள் முடிக்க வேண்டும்

பரண்பொருள்:
மாமாவின் பரணில் கிடந்த பழைய பிளாஸ்டிக் கார் கிட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சிவப்பு பெராரி, எண் 26. இரண்டு பக்கமும் வரும் எரிபொருள் டேங்குகள் பொருந்தவில்லை. இடைவெளியை அடைக்கும் புட்டிப் பசை வாங்கிவிட்டேன், மூடிவிடலாமா? ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். அவசரம்.

தூரிகை:
எந்த வருடத்துக் கார்? என்ன அளவு? பெட்டி இருக்கிறதா? "பொருந்தவில்லை" என்றால் பெரிதாக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா?

கோவைமாதிரிகள்:
பரணில் இருந்தது என்றால் வெயிலில் வளைந்திருக்கும். சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துக் கையால் நிமிர்த்துங்கள். என்னிடம் வந்த பழைய கிட்களில் பாதிக்கு இதுதான் நோய்.

மூன்றாம்கியர்:
சுடுதண்ணீர் வேண்டாம். ஒட்டும் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தால் போதும்.

பழையசக்கரம்:
படம் இல்லை, வருடம் இல்லை, பெட்டி இல்லை. கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது, தம்பி. இருபது வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் நீள டேங்குகள்தானே? ஆம் என்றால் அது லான்சியா என்ற இத்தாலிய நிறுவனத்தின் டி50. பெராரி என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் படித்திருக்கலாம்.

பரண்பொருள்:
ஆமாம், நடுவில்தான். பெட்டி இல்லை. வளையவில்லை. உடலுக்கும் டேங்குக்கும் இடையில் சந்து விழுகிறது, அவ்வளவுதான். பெராரியின் குதிரைச் சின்னம் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன்.

தூரிகை:
புட்டியைக் கீழே வையுங்கள்! அந்தச் சந்து இருக்கத்தான் வேண்டும். விட்டோரியோ யானோ வடிவமைத்த கார் இது. எரிபொருளை வாலில் அடைத்தால், அது தீரத் தீரக் காரின் எடைச் சமநிலை மாறிக்கொண்டே போகும். இரண்டு பக்கமும் சக்கரங்களுக்கு நடுவே வைத்தால் மாறாது. சக்கரங்களுக்கு இடையே சுழலும் காற்றையும் அது ஒழுங்காக்கும். டேங்குகள் உடலை ஒட்டாமல் தாங்கு குழாய்களில் நிற்கும். பாகங்களில் சின்னக் குச்சிகள் மிஞ்சியிருக்கின்றனவா?

எண் 26 என்பதால்தான் குழப்பம் வருகிறது. 1955 மே 22 அன்று மொனாக்கோ பந்தயத்தில் லான்சியாவின் ஓட்டுநர் ஆல்பெர்ட்டோ அஸ்காரி ஓட்டிய டி50-க்கு எண் 26. முன்னால் போய்க்கொண்டிருந்த ஸ்டிர்லிங் மாஸின் மெர்சிடிஸ் பழுதாகி நின்ற அதே நேரத்தில் அஸ்காரி காரோடு துறைமுகக் கடலுக்குள் விழுந்தார். நீந்தி உயிர் தப்பினார். நான்கே நாள் கழித்து, இத்தாலியின் மோன்சா பந்தயத் தடத்தில் ஒரு பெராரியை ஓட்டிப்பார்க்கும்போது இறந்தார். வயது 36. அவருடைய அப்பா அன்டோனியோவும் 36 வயதில்தான் பந்தயத்தில் இறந்தார். அவர் ஓட்டியது யானோ வடிவமைத்த ஆல்பா ரோமியோ கார்.

அடுத்த வருடம் மோன்சாவில் பெராரி அணியின் பீட்டர் காலின்ஸ் ஓட்டிய டி50-க்கும் எண் 26. ஆனால் அதற்குள் இந்தக் கார்கள் லான்சியாவிடமிருந்து பெராரியின் கைக்குப் போயிருந்தன; பெராரி எரிபொருளை வாலுக்கு மாற்றி, பக்கத்துக் கூடுகளை உடலோடு இணைத்துவிட்டது. அதில் சந்து கிடையாது. உங்களுடையது அஸ்காரியின் லான்சியா.

மூன்றாம்கியர்:
நான் சொன்னது தவறு, தேய்க்காதீர்கள். காலின்ஸின் அந்தக் காரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பட்டம் வெல்லும் வாய்ப்பு அவருக்கும் இருந்தது. இருந்தும் நடுப்பந்தயத்தில் இறங்கித் தன் காரை அதே அணியின் ஓட்டுநர் ஃபாஞ்சியோவுக்குக் கொடுத்தார். ஃபாஞ்சியோ இரண்டாவதாக வந்து 1956 உலகப் பட்டத்தைப் பெற்றார். பெராரிக்கு எத்தனை பெரிய வெற்றி!

பழையசக்கரம்:
பெராரிக்கா? அஸ்காரி போனார், லான்சியாவிடம் பணமும் இல்லை. 1955 ஜூலை 26 அன்று கார்கள், உதிரி பாகங்கள் எல்லாவற்றையும் பெராரியிடம் ஒப்படைத்தார்கள். எஞ்சின் யானோ வடிவமைத்த எட்டு சிலிண்டர் வி8. அது லான்சியாவின் வெற்றி.

கோவைமாதிரிகள்:
டேங்கை மாற்றி, ஒரு வருடம் முழுக்கப் பராமரித்து ஓட்டியது பெராரி. லான்சியா கையில் இருந்தவரை அந்தக் கார் உலகப் பட்டப் பந்தயம் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

பழையசக்கரம்:
1954 அக்டோபரில் பார்சிலோனா. முதல் பந்தயத்திலேயே அஸ்காரி முதலிடத்தில் புறப்பட்டு, கிளட்ச் கெடும்வரை முன்னால் ஓடினார். டூரினிலும் நேப்பிள்ஸிலும் வென்றார். உலகப் பட்டக் கணக்கில் அவை சேராது என்பதற்காக வெற்றி இல்லை என்று ஆகிவிடுமா?

கோவைமாதிரிகள்:
ஐயா, அதை நான் மறுக்கவே இல்லை. உழைத்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள் என்கிறேன்.

தூரிகை:
இருவரும் வேறு இழை தொடங்கிப் பேசுங்கள். தம்பி, குச்சிகள் இருக்கின்றனவா?

பரண்பொருள்:
இருந்தன. தேவையில்லாத துண்டு என்று ஒதுக்கி வைத்திருந்தேன். பொருத்திவிட்டேன், சந்து இருபுறமும் ஒரே அளவாக நிற்கிறது. குதிரையை ஒட்டவில்லை. நன்றி அண்ணா, வண்ணம் அடிக்கப் போகிறேன்.